எலுமிச்சை பிழிந்து கொடுத்த தாய்க்கு



 

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகும் வழியில் உள்ள ஓர் ஊரிலிருந்து ஒரு தாய் நமக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வெளியே வர வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். அந்த அமானிதத்தைக் காப்போம். ஆனால் கடிதத்தில் உள்ள விஷயம் அவர் ஒருவருடைய வீட்டு விஷயம் மட்டுமல்ல. அவர் அனுமதியோடு அதை உங்கள் முன் வைக்கிறோம்.

அவருக்கு ஒரே மகன். உல்லாசப் பயணிகளை ஏற்றிச் செல்லும் கப்பலில் ஆறு வருடம் வேலை பார்த்தவன். கப்பலில் உள்ள பாரில் பரிமாறும் வேலை. மானாவாரிக் காட்டை நம்பி மழையைப் பார்த்துக்கொண்டிருந்த குடும்பம் அவன் அனுப்பிய பணத்தில் தலை நிமிர்ந்தது. ஓட்டு வீடு மாடி வீடாயிற்று. நான்கு மாதங்களுக்கு முன் ஊர் திரும்பியவன், சனிக்கிழமை இரவுகளில் மொட்டை மாடிக்குப் போவான். போகுமுன், "அம்மா, நாலு எலுமிச்சம்பழம் பிழிந்து, சீனி போட்டுக் கொடுங்கள்" என்பான். வெயிலில் வெந்த பிள்ளை சர்பத் குடிக்கிறான் என்று இவரும் பிழிந்து கொடுத்தார். மேலேயிருந்து சுருட்டு வாடை வரும். அவனுடைய பாட்டனாரும் திண்ணையில் உட்கார்ந்து சுருட்டுக் குடித்தவர்தான் என்பதால், இவர் மனத்தில் சங்கடப்பட்டாலும் வாய் திறக்கவில்லை.

ஒரு நாள் டிரங்குப் பெட்டியில் கைலிக்குள் சுற்றிய பாட்டிலைப் பார்த்துவிட்டார்.

மகன் கோபப்படவில்லையாம். பக்குவமாக விளக்கம் சொன்னானாம். "அம்மா, இது ரம். கொஞ்சம் ரம், எலுமிச்சைச் சாறு, சீனி, ஐஸ், அவ்வளவுதான். கூட ஒரு சுருட்டு. பெரிய பெரிய ஆட்கள் இரண்டையும் சேர்த்து ரசிப்பார்கள். இந்த ரம்முக்கு இந்தச் சுருட்டு என்று பொருத்தம்கூட உண்டு. நான் தெருவில் விழுந்து கிடக்கிறேனா? யாரையாவது அடித்தேனா? வாரத்துக்கு ஒரு கிளாஸ், ஒரு சுருட்டு. குர்ஆனில் ரம் என்றும் இல்லை, சுருட்டு என்றும் இல்லை. நம் ஊர்க் காட்டில் கருப்பசாமிக்கே சாராயமும் சுருட்டும்தானே வைக்கிறார்கள்? இந்த மண்ணுக்கே உரிய பழக்கம்தான் இது" என்று சிரித்தானாம்.

அந்தத் தாய் நம்மிடம் கேட்பது மூன்று கேள்விகள். அவன் சொல்வதுபோல ரம்முக்குத் தடை இல்லையா? சுருட்டு ஹராமா, இல்லையா? மூன்றாவது கேள்வியைக் கடிதத்தின் ஓரத்தில், இடம் போதாமல் நெருக்கி எழுதியிருக்கிறார். "மதுவுக்காகப் பிழிகிறவர் மீதும் சாபம் உண்டு என்று பயானில் கேட்டிருக்கிறேன். பிழிந்து கொடுத்தவள் நான். அந்தச் சாபத்தில் நானும் சேர்ந்துவிட்டேனா?"

அந்தக் கடைசிக் கேள்விக்கே முதலில் பதில் சொல்வோம். அதற்குப் பதில் தெரியாமல் அவர் இரவு தூங்க மாட்டார்.

தாயே! மது சம்பந்தப்பட்ட பத்துப் பேர் மீது சாபம் உண்டு என்று வரும் ஹதீஸ் உண்மைதான். பிழிகிறவர், பிழியச் சொல்கிறவர், குடிப்பவர், சுமப்பவர், யாரிடம் சுமந்து செல்லப்படுகிறதோ அவர், ஊற்றிக் கொடுப்பவர், விற்பவர், அதன் விலையைத் தின்பவர், வாங்குபவர், யாருக்காக வாங்கப்படுகிறதோ அவர் என்று அந்தப் பட்டியல் போகிறது. ஆனால் அங்கே சொல்லப்படும் பிழிகிறவர் யார்? இது மதுவாகப் போகிறது என்று அறிந்தும் திராட்சையைப் பிழிகிறவர். தாங்களோ மகனின் தாகத்துக்கு எலுமிச்சை பிழிந்தீர்கள். அறியாமல் நேர்ந்துவிடும் தவறில் உங்கள் மீது குற்றமில்லை, உள்ளம் நாடிச் செய்வதில்தான் குற்றம் என்ற கருத்தை அல்லாஹ் ஸூரத்துல் அஹ்ஸாபின் 5-ஆம் வசனத்தில் நமக்கு அறிவித்திருக்கிறான். செயல்கள் எண்ணத்தைப் பொறுத்தவை என்பது நாயகம் (ஸல்) அவர்கள் நமக்குத் தந்த அடிப்படை. தாங்கள் அந்தச் சாபத்தில் இல்லை. இன்ஷா அல்லாஹ், இன்றிரவு தூங்குங்கள்.

ஆனால் பாட்டிலைப் பார்த்த நாளுக்கு முந்தைய எலுமிச்சைக்குத்தான் இந்தப் பதில். அறிந்த பிறகு பிழிவது வேறு. இனி அவன் மாடிக்குப் போகும்போது பிழிந்து கொடுக்காதீர்கள். அவனுக்கு உண்மையிலேயே சர்பத் வேண்டுமென்றால் கீழே, அடுப்படியில், உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து குடிக்கட்டும். அதே செம்பிலிருந்து நீங்களும் ஒரு தம்ளர் ஊற்றிக் குடியுங்கள். இதற்குச் சண்டை வேண்டியதில்லை.

இனி ரம்முக்கு வருவோம். பெயர் தெரியாத பண்டத்தைக் கண்டு பயப்படுவதைவிட அது இன்னதென்று அறிந்துகொள்வது நல்லது.

ரம் என்பது கரும்பின் சாராயம். ஆலையில் சர்க்கரை எடுத்த பிறகு கறுப்பாக, கெட்டியாக மிஞ்சும் கழிவுப்பாகில் தண்ணீர் கலந்து, நொதியூட்டிப் புளிக்கவைத்து, காய்ச்சி வடிக்கிறார்கள். கரும்புச் சாற்றிலிருந்தே நேராக வடிப்பதும் உண்டு. பிறகு பெரும்பாலும் மரப் பீப்பாய்களில் ஊறப்போட்டு நிறமும் மணமும் ஏற்றுகிறார்கள். நம் நாட்டுப் பாட்டில்களின் மேல் 42.8 சதவீதம் என்று அச்சடித்திருப்பார்கள். அதாவது நூறு மில்லியில் ஏறத்தாழ நாற்பத்து மூன்று மில்லி சுத்தமான போதைச் சத்து. பெரிய பெக் என்று ஊற்றும் அறுபது மில்லியில் இருபத்தைந்து மில்லிக்குச் சற்று மேலே வரும். ஐந்து சதவீத பீரில் அரை லிட்டரைக் குடித்தால் உடம்பில் சேரும் போதையும் ஏறத்தாழ அதேதான். அரை லிட்டர் பீரைத் தாய் முன்னால் வைத்துக் குடிக்கத் துணியாத பிள்ளை, அதே போதையை எலுமிச்சைச் சாற்றுக்குள் மறைத்து, ஒரு சிறு கிளாஸில் கொண்டுபோகிறான். புளிப்பும் இனிப்பும் செய்யும் வேலை இதுதான்: தொண்டையை எரித்து எச்சரிக்க வேண்டிய சரக்கை எரியவிடாமல் செய்கின்றன. எலுமிச்சையும் சீனியும் ரம்மும் சேர்ந்த இந்தக் கலவைக்குக் கியூபாத் தீவில் உள்ள டைகிரி என்ற ஊரின் பெயரை வைத்திருக்கிறார்கள். ரம், எலுமிச்சை, கோலா பானம் சேர்ந்ததும் அந்தத் தீவின் பெயரால்தான் வழங்குகிறது.

இந்த இடத்தில் ஒரு விஷயம் சொல்லாமல் போக மனமில்லை. கரும்பைக் கிழக்கிலிருந்து எடுத்துச் சென்று மத்தியதரைக் கடலோரங்களிலும் ஸ்பெயினிலும் பயிராக்கியவர்கள் அரபிகள். நம் நாட்டுச் 'சர்க்கரை'தான் அவர்கள் நாவில் 'ஸுக்கர்' ஆயிற்று. கொலம்பஸ் தம் இரண்டாவது பயணத்தில், 1493-இல், கரும்பைக் கரீபியன் தீவுகளுக்குக் கொண்டுபோனார். அதற்கு முந்தைய ஆண்டுதான் அவருடைய ஆட்கள் அதே தீவுகளில் மக்கள் புகையிலையைச் சுருட்டிப் புகைப்பதை முதன்முதலாகக் கண்டார்கள். ரம்மும் சுருட்டும் ஒன்றுக்கொன்று பொருத்தம் என்று இன்று பேசுகிறார்களே, அந்தப் பொருத்தத்தின் பிறந்த வீடு அந்தக் கரும்புத் தோட்டங்களும் புகையிலைத் தோட்டங்களும்தான். அங்கே கரும்பு வெட்டியவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து சங்கிலி போட்டுக் கொண்டுவரப்பட்ட அடிமைகள். அவர்களில் கலிமாச் சொன்ன முஸ்லிம்களும் ஏராளம். கப்பலில் அந்தக் கிளாஸை நீட்டும் நம் பிள்ளைகளுக்கு இதை யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. கிளாஸின் விளிம்பில் சீனி ஒட்டுவது எப்படி என்றுதான் சொல்லிக் கொடுக்கிறார்கள்.

சரி, குர்ஆனில் ரம் என்ற பெயர் இல்லை என்கிறானே, அதற்கென்ன பதில்?

மது மூன்று படிகளில் விலக்கப்பட்டது என்பதை நீங்கள் பயான்களில் கேட்டிருப்பீர்கள். ஸூரத்துல் பகராவின் 219-ஆம் வசனம் அதில் பயனைவிடப் பாவம் பெரிது என்று உணர்த்தியது. ஸூரத்துன் நிஸாவின் 43-ஆம் வசனம் போதையோடு தொழுகையை நெருங்க வேண்டாம் என்றது. ஸூரத்துல் மாயிதாவின் 90, 91-ஆம் வசனங்கள் அதை ஷைத்தானின் அருவருப்பான செயல் என்று கூறி முற்றாக விலக்கின. அந்த இறுதிக் கட்டளை அறிவிக்கப்பட்டபோது அபூதல்ஹா (ரலி) அவர்கள் வீட்டில் விருந்தினருக்கு ஊற்றிக்கொண்டிருந்தவர் இளைஞரான அனஸ் (ரலி). ஆம், அவரும் அன்று பரிமாறும் பிள்ளைதான்! தெருவில் அறிவிப்பாளரின் குரல் கேட்டது. வெளியே கொண்டுபோய்க் கொட்டிவிடு என்றார்கள். கொட்டினார். மதீனாவின் சந்துகளில் மது ஓடிற்று. கையில் இருக்கும் இந்தக் கிண்ணத்தை மட்டும் முடித்துக்கொள்கிறோம் என்று ஒருவரும் கேட்டதாக வரவில்லை.

அன்று கொட்டப்பட்டது எந்த மது? அதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. அது திராட்சை மது அல்ல, பேரீச்சம்பழத்தில் செய்தது. மதீனாவில் அக்காலத்தில் திராட்சை மது அரிது என்று அனஸ் (ரலி) அவர்களே அறிவித்திருக்கிறார்கள். பெயரைப் பார்த்து இது திராட்சையா, பேரீச்சையா என்று அவர்கள் ஆராயவில்லை. பின்னாளில் உமர் (ரலி) அவர்கள் மிம்பரில் நின்று திராட்சை, பேரீச்சை, தேன், கோதுமை, வாற்கோதுமை ஆகியவற்றின் மதுவைச் சொல்லிவிட்டு, அறிவை மூடுவது எதுவோ அதுவே மது என்று வரையறுத்தார்கள். யமன் நாட்டில் தேனில் செய்யும் ஒரு பானத்தைப் பற்றி அபூமூஸா (ரலி) அவர்கள் கேட்டபோது, நாயகம் (ஸல்) அவர்கள் அந்தப் பானத்தின் செய்முறையை விசாரிக்கவில்லை. போதை தருவது அனைத்தும் ஹராம் என்றார்கள். கரும்பு அந்த வரையறைக்குள் தானாகவே வந்துவிடுகிறது.

நம் ஹனஃபி மத்ஹபைச் சேர்ந்த சில படித்த பிள்ளைகள் இங்கே ஒரு குறுக்குச் சந்தைக் கண்டுபிடிப்பார்கள். இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் 'கம்ரு' என்ற சொல்லைத் திராட்சை மதுவுக்கே உரியதாகக் கொண்டார்களே என்பார்கள். சொல்லின் பொருள் பற்றி அப்படி ஒரு கருத்து உண்டு, மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அவர்களுடைய மாணவர் இமாம் முஹம்மது (ரஹ்) அவர்கள், போதை தரும் எல்லாப் பானமும், சிறிதானாலும் பெரிதானாலும், விலக்கப்பட்டதே என்றார்கள். மத்ஹபில் ஃபத்வா அதன் மீதுதான். ஷாஃபி, மாலிகி, ஹன்பலி மத்ஹபுகளில் இந்தக் கேள்வியே எழவில்லை. அதிகமாகக் குடித்தால் போதை தருவது எதுவோ அதில் கொஞ்சமும் ஹராம் என்ற ஹதீஸ் இருக்கும்போது, வாரத்துக்கு ஒரு கிளாஸ் என்ற கணக்கு மார்க்கத்தில் செல்லாது.

சுருட்டு வேறு விஷயம். அதில் நாம் கவனமாகப் பேச வேண்டும். இல்லாததை உண்டு என்று சொல்வதும் பிழைதான்.

சுருட்டு நமக்கு அந்நியப் பொருள் அல்ல. திண்டுக்கல்லும் திருச்சி உறையூரும் சுருட்டுக்குப் பேர்போனவை. இந்தத் தமிழ்ச் சொல்தான் ஆங்கிலத்தில் 'செரூட்' ஆயிற்று. 1887-இல் வெளிவந்த ஷெர்லாக் ஹோம்ஸின் முதல் துப்பறியும் கதையிலேயே திருச்சிச் சுருட்டின் சாம்பல் துப்பாக வருகிறது. அந்த மகனும், கப்பலிலிருந்து கொண்டுவந்த சுருட்டுகள் தீர்ந்ததும் திண்டுக்கல் சுருட்டு வாங்கி வைத்திருக்கிறானாம்.

நபியவர்கள் காலத்தில் அரபு நாட்டில் புகையிலை இல்லை. பதினாறாம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டி அது முஸ்லிம் நாடுகளில் பரவியபோது இமாம்கள் கருத்து வேறுபட்டார்கள். ஹராம் என்றவர்கள் உண்டு. மக்ரூஹ் என்றவர்கள் உண்டு. டமாஸ்கஸில் வாழ்ந்த அப்துல் கனீ நாபுலுஸீ (ரஹ்) அவர்கள் ஆகுமானது என்று தனி நூலே எழுதினார்கள். அரசர்களும் தலையிட்டார்கள். ஜஹாங்கீர் 1617-இல் தடை விதித்தார். துருக்கி சுல்தான் நான்காம் முராத் 1633-இல் தடை விதித்து மரண தண்டனைவரை போனார். ஆனால் அன்று ஆகும் என்று எழுதியவர்கள், இது நோயைத் தரும் என்று நிரூபிக்கப்படவில்லை என்ற நிலையில் நின்று எழுதினார்கள். இன்று அந்த நிலை இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1986-இல் புகைபிடித்தலையும், 1988-இல் மதுபானங்களையும், மனிதனுக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதி என்ற முதல் பிரிவில் சேர்த்துவிட்டது. உங்கள் கைகளாலேயே உங்களை அழிவில் தள்ளிக்கொள்ளாதீர்கள் என்ற கருத்துடைய ஸூரத்துல் பகராவின் 195-ஆம் வசனத்தை முன்வைத்து, இக்காலத்து ஆலிம்களில் பெரும் பகுதியினர் ஹராம் என்றே சொல்கிறார்கள். மக்ரூஹ் என்பதோடு நிற்பவர்கள் நம் நாட்டில் இன்னும் இருக்கிறார்கள். பாட்டனாரின் திண்ணைச் சுருட்டைப் பற்றி நாம் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. அவர் தம் ரப்பிடம் போய்ச் சேர்ந்துவிட்டார்.

ஆனால் மாடியில் எரிவது திண்ணைச் சுருட்டு அல்ல. அது கிளாஸுக்குத் துணையாக எரியும் சுருட்டு. தாயே, உங்கள் மகன் பொருத்தம் என்று பெருமையாகச் சொன்னானே, விஷயத்தின் முடிச்சே அந்தப் பொருத்தத்தில்தான் இருக்கிறது.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் ஓர் உதாரணம் காட்டுகிறார்கள். ஸிகன்ஜபீன் என்று ஒரு பானம். தேனும் காடியும் சேர்ந்த, முற்றிலும் ஹலாலான சர்பத். சிலர் கூடி, குடிகாரர்களின் சபையைப்போல அலங்கரித்து, அவர்களுடைய பாத்திரங்களை வைத்து, ஊற்றிக் கொடுக்க ஆள் நிறுத்தி, குடிகாரர்கள் பேசும் பேச்சையே பேசிக்கொண்டு அந்த சர்பத்தைக் குடித்தால், சர்பத் ஹலாலாக இருந்தும் அந்தக் குடிப்பு அவர்களுக்கு ஆகாது என்கிறார்கள். ரம் இல்லாத வெறும் சர்பத்துக்கே அந்தச் சபையில் இந்த நிலை என்றால், உண்மை ரம்மின் பக்கத்தில் வைத்த சுருட்டுக்கு மக்ரூஹ், முபாஹ் என்று வாதம் செய்ய இடமேது? மது சுற்றிவரும் விரிப்பில் அமர வேண்டாம் என்று அல்லாஹ்வையும் மறுமையையும் நம்பியவனுக்கு நபியவர்கள் எச்சரித்த ஹதீஸும் உண்டு. அந்த விரிப்பிலிருப்பது எதுவும் தனியாக நிற்பதில்லை.

இன்னொரு ஹதீஸ் ஷரீஃபும் நினைவுக்கு வருகிறது. பேரீச்சம்பழத்தையும் உலர்ந்த திராட்சையையும் ஒரே பாத்திரத்தில் சேர்த்து ஊறப்போட வேண்டாம் என்று நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள். தனித்தனியே ஊறினால் இனிப்புத் தண்ணீர்; சேர்ந்து ஊறினால் விரைவில் புளித்துப் போதையாகிவிடும், குடிப்பவருக்கு அது தெரியவும் தெரியாது என்று ஆலிம்கள் காரணம் சொல்கிறார்கள். இந்தத் தடையின் தரம் பற்றி இமாம்களிடையே வேறுபாடு உண்டு. நாம் அதைச் சட்டத்துக்காக இங்கே சொல்லவில்லை. இரண்டு ஹலாலான பழங்களைச் சேர்ப்பதிலேயே இவ்வளவு கவனம் காட்டிய மார்க்கத்தில், கேடான இரண்டைச் சேர்த்து ரசிப்பதற்குப் பொருத்தம் என்று பெயர் வைக்கலாமா என்று யோசிப்பதற்காகவே சொல்கிறோம்.

மருத்துவர்கள் சொல்வதும் இதே வழியில்தான் போகிறது. சுருட்டுப் புகையை நெஞ்சுக்குள் இழுப்பதில்லை, வாயில் வைத்துத்தானே விடுகிறோம் என்பார்கள். சுருட்டின் புகை காரத்தன்மை உடையது. அதன் நிகோடின் வாயின் உட்தோல் வழியாகவே இரத்தத்தில் ஏறிவிடும், நெஞ்சுக்குள் இழுக்க வேண்டியதே இல்லை. பெரிய சுருட்டு ஒன்றில் உள்ள புகையிலை ஒரு பாக்கெட் சிகரெட்டுக்குச் சமமாகவும் இருக்கும். அதே நேரத்தில் வாய்க்குள் போகும் மது அந்த உட்தோலை இளக்கி, புகையில் உள்ள நஞ்சுகள் ஊடுருவ வழி திறந்துவிடுகிறது. மதுவே உடம்பில் அசிட்டால்டிஹைட் என்ற நஞ்சாக மாறுகிறது. ஆகவே குடியும் புகையும் சேர்ந்தவருக்கு வாய், தொண்டை, உணவுக்குழாய்ப் புற்றுநோய் வரும் ஆபத்து, குடிக்கான ஆபத்தையும் புகைக்கான ஆபத்தையும் கூட்டினால் வருவதைவிட அதிகமாகிறது. மற்றொன்று: மது மந்தப்படுத்துகிறது; நிகோடின் கிளப்பிவிடுகிறது. அந்தக் கிளர்ச்சி மந்தத்தை ஓரளவு மறைக்கிறது. மறைக்கவே, இன்னும் ஒரு கிளாஸ் தாங்கும் என்று தோன்றுகிறது. வாரத்துக்கு ஒன்று என்ற கணக்கு பெரும்பாலும் உடைவது இந்த இடத்தில்தான். 2023-இல் உலக சுகாதார நிறுவனம் இன்ன அளவு மது பாதுகாப்பானது என்று சொல்ல ஓர் அளவே இல்லை என்று அறிவித்தது. ஓர் உம்மி நபி ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன் சிறிதும் ஹராம் என்று சொன்னதை நினைக்கும்போது நம் உடல் சிலிர்க்கிறது.

கருப்பசாமிக்குப் படைப்பது பற்றி மகன் சொன்னதற்கும் ஒரு வார்த்தை. நம் கரிசல் காட்டில் ஊர்க்காவல் தெய்வங்களுக்குச் சாராயமும் சுருட்டும் வைத்து வணங்கும் வழக்கம் நம் அண்டை வீட்டாரிடம் உண்டு. அது அவர்கள் வழிபாடு. பிறர் வணங்குபவற்றைத் திட்டாதீர்கள் என்ற கட்டளை ஸூரத்துல் அன்ஆமின் 108-ஆம் வசனத்தில் நமக்கு இருக்கிறது. அதைக் கேலி செய்யவும் கூடாது. அதை நம் குடிக்குச் சாட்சியாக இழுக்கவும் கூடாது. தம் பாட்டிலுக்குப் பக்கத்து வீட்டுச் சாமியைத் துணைக்குக் கூப்பிடுவது அந்த அண்டை வீட்டாருக்கும் மரியாதை அல்ல. அவர்களில் எத்தனையோ குடும்பங்கள், படையல் நாள் தவிர வேறு நாளில் சாராயத்தை வாசலில் சேர்க்காதவர்கள்.

சட்டத்தைக் காட்டுவோரும் உண்டு. 1937-இல் சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு 1948-இல் சென்னை மாகாணம் முழுவதும் பரவியது, 1971-இல் தளர்ந்தது, 1974-இல் திரும்பியது, 1981-இல் மறுபடியும் கடை திறந்தது, 2003-இலிருந்து அரசு நிறுவனமே சில்லறையில் விற்கிறது. அரசின் கதவு திறந்தும் மூடியும் வந்திருக்கிறது. மாயிதா அத்தியாயத்தின் கதவு ஒரு முறைதான் மூடியது.

இனி, மகனை என்ன செய்வது?

கடிதத்தில் ஒரு வரி நம்மை மிகவும் வருத்தியது. வந்த புதிதில் ஜும்ஆவுக்குப் போய்க்கொண்டிருந்தவன் இப்போது போவதில்லை. பள்ளிவாசலில் ஒரு பெரியவர் வாடையை வைத்து அறிந்து, "உனக்கு நாற்பது நாள் தொழுகை கூடாது, ஏன் வருகிறாய்?" என்று நாலு பேர் முன் கேட்டுவிட்டாராம். பெரியவரே! குடித்தவனின் தொழுகை நாற்பது நாள் ஏற்கப்படாது என்று ஹதீஸ் வருவது உண்மை. அதன் பொருள் அந்தத் தொழுகைக்குரிய நன்மையை அவன் இழக்கிறான் என்பதே. கடமை அவனை விட்டு நீங்கவில்லை, அவன் தொழுதே ஆக வேண்டும், தொழுதால் கடமை நிறைவேறும், தவ்பாச் செய்தால் அல்லாஹ் அவன் பக்கம் திரும்புகிறான் என்று ஆலிம்கள் விளக்கியிருக்கிறார்கள். குடித்ததற்குத் தண்டனையாகத் தொழுகையையும் பறித்துவிட்டால் அந்த இளைஞன் எங்கே போவான்? மாடிக்குத்தான் போவான். வெங்காயம், பூண்டு பச்சையாகத் தின்ற வாடையோடு பள்ளிக்கு வர வேண்டாம் என்று நபியவர்கள் சொன்னது உண்டு. வாயைக் கழுவிவிட்டு வா என்று தோளில் கை போட்டுச் சொல்வதற்குத்தான் அது.

நபியவர்கள் காலத்தில் அப்துல்லாஹ் என்று ஒருவர் இருந்தார். அவர்களைச் சிரிக்கவைப்பவர். குடித்ததற்காகத் தண்டிக்கப்பட்டவர், மறுபடியும் பிடிபட்டு மறுபடியும் கொண்டுவரப்பட்டார். எத்தனை தடவைதான் இவரைக் கொண்டுவருவது என்று ஒருவர் சபித்துவிட்டார். நாயகம் (ஸல்) அவர்கள் அதைத் தடுத்து, அவரைச் சபிக்காதீர்கள், அவர் அல்லாஹ்வையும் அவன் தூதரையும் நேசிப்பவர் என்ற கருத்தைச் சொன்னார்கள். புகாரி ஷரீஃபில் இருக்கிறது. தண்டனையை அவர்கள் நிறுத்தவில்லை, அன்பையும் நிறுத்தவில்லை.

ஆகவே தாயே, சோறு போடுவதை நிறுத்தாதீர்கள், ஸலாம் சொல்வதை நிறுத்தாதீர்கள். பாட்டிலை உடைத்துப் போராட்டம் நடத்தவும் வேண்டாம். அவன் கையாலேயே கொட்ட வேண்டும். ஊரில் நிதானமான ஒரு ஆலிமிடம், கூட்டமில்லாத நேரத்தில், அழைத்துச் செல்லச் சொல்லுங்கள். குடி வாரத்துக்கு ஒன்று என்பது உண்மையா, அன்றாடம் ஆகிவிட்டதா என்று அவனிடம் தனியாகக் கேளுங்கள். தினமும் அதிகமாகக் குடித்துப் பழகியவர் திடீரென்று நிறுத்தினால் கைநடுக்கம், வலிப்புகூட வரலாம். அப்படியானால் அருப்புக்கோட்டை அரசு மருத்துவமனையிலோ மதுரைப் பெரிய ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவிலோ காட்டி, மருத்துவர் சொல்படி நிறுத்துவதே முறை. அது அவமானமல்ல, நோய்க்கு மருந்து தேடுவது சுன்னத்து. மறுபடி கப்பலுக்குப் போவதாக இருந்தால் பாரில் ஊற்றிக் கொடுக்கும் வேலை வேண்டாம். சமையல் பகுதி, அறை பராமரிப்பு என்று வேறு வேலைகள் உண்டு. கூலி குறையும். குறைந்த கூலியில் வீட்டின் மேல்மாடி எழும்பாது என்றால் எழும்பாமல் போகட்டும்.

கடைசியாக ஒன்று. அடுத்த மாதம் அவனுக்குப் பெண் பேசி முடிக்க இருக்கிறார்களாம். பெண் வீட்டாரிடம் இதைச் சொல்வதா மறைப்பதா என்று அந்தத் தாய் கேட்கவில்லை; ஆனால் கேட்காமல் விட்ட கேள்வி கடிதம் முழுவதும் தெரிகிறது. ஒருவர் பாவத்தை விட்டுவிட்டால் அதை மூடுவது நம் மீது கடமை. பழையதைத் தோண்டிச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் இன்றும் சனிக்கிழமை இரவுகளில் மாடிக்குப் போகிறவனை நல்ல பிள்ளை என்று சொல்லிக் கைபிடித்துக் கொடுப்பது அந்தப் பெண்ணை ஏமாற்றுவதாகும். மாப்பிள்ளை எப்படி என்று ஃபாத்திமா பின்த் கைஸ் (ரலி) அவர்கள் ஆலோசனை கேட்டபோது நபியவர்கள் உள்ளதை உள்ளபடியே சொன்னார்கள். ஆகவே பேச்சு முடிக்கும் தேதியைத் தள்ளிப் போடுங்கள். காரணம் கேட்டால், மகனுக்கு உடம்பு தேற வேண்டும் என்று சொல்லலாம், அது பொய்யல்ல. எத்தனை மாதம் என்று நம்மால் சொல்ல முடியாது. அவன் தானாகப் பள்ளிக்கு நடந்து போய், எந்தப் பெரியவர் பக்கத்திலும் கூச்சமில்லாமல் ஸஃப்பில் நிற்கிற நாள்வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகும் கடிதம் எழுதுங்கள் தாயே, நாம் காத்திருக்கிறோம்.